தூண் நடுவில் நின்ற எங்கள் நாடக அறை

நாங்கள் அந்த அறையை முதன்முதலில் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. சிங்கப்பூரில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் அது. பள்ளி எப்போதோ மூடிப்போய், இப்போது கலைக்குழுக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டாம் மாடியில் இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே அறையாக்கி, சுவரெல்லாம் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். கட்டடம் முழுக்க அமைதி. கை தட்டிப் பார்த்தோம், கொஞ்சம் எதிரொலித்தது, திரை கட்டினால் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டோம். எல்லாருக்கும் பிடித்துப்போய் அன்றைக்கே நாள் குறித்து முன்பணமும் கட்டிவிட்டோம்.

நாடகம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. அந்த அறையில் முதல் ஒத்திகைக்கு ஒரு வெள்ளி இரவு போனபோதுதான், கீழ்த்தளத்தில் ஒரு சீனச் சிங்க நடனக் குழு வாரந்தோறும் அதே நாள் அதே நேரம் மேளம் பயில்வது தெரிந்தது. தரை அதிர்ந்தது. மேசைமேல் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் வட்டம் வட்டமாக அலை எழும்பியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் நாடகத்திலோ ஒரு அம்மாவும் மகளும் பத்து நிமிடம் ஏறக்குறைய கிசுகிசுப்பாகவே பேசிக்கொள்ளும் காட்சி இருந்தது.

அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. எங்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே வந்தவர்கள். நாங்கள் கீழே போய் அவர்களுடைய மூத்தவரிடம் பேசினோம். நாடகம் நடக்கும் இரண்டு நாளும் பயிற்சியை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். நன்றிக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தோம், எட்டுப் பேர் வந்து உட்கார்ந்து, வசனத்தை ஆங்கிலத்தில் திரையில் காட்டும் மேல்வரிகளைப் படித்தபடி கடைசிவரை பார்த்தார்கள். அப்படி நல்லபடியாக முடிந்தது. முடியாமலும் போயிருக்கலாம். அன்றிலிருந்து எந்த இடமானாலும் நாடகம் நடக்கப்போகும் கிழமையில், அதே நேரத்தில் போய், விளக்கை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்காமல் நான் சரி சொல்வதில்லை.

நான் நடிகன் இல்லை. பகலில் மின்சாரப் பராமரிப்பு வேலை, இரவில் எங்கள் குழுவுக்கு மேடை நிர்வாகமும் விளக்கும். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் குழு சிறியது, எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள்தான். ஆசிரியர்கள், தாதி ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியிலிருந்து வார இறுதியில் மட்டும் வரும் பையன்கள். இப்போது புதிதாக நாடகம் போட வரும் இளையர்கள் நல்ல நாடகப் பிரதியோடு வருகிறார்கள், ஆனால் கட்டடத்தைப் பற்றி யோசிக்காமல் வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். வேறு வேலைக்காகக் கட்டிய கட்டடத்தில் நாடகம் போடும்போது, அந்தக் கட்டடம் முன்பு என்ன வேலை பார்த்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாடகத்தை எழுதி முடித்த பிறகு தெரிந்துகொண்டால் கொஞ்சம்தான் பயன், எழுதும்போதே தெரிந்துகொண்டால் நிறையப் பயன்.

யோசித்துப் பார்த்தால் சிங்கப்பூரில் தமிழ் நாடகம் பெரும்பாலும் நாடகத்துக்கென்று கட்டாத இடங்களில்தான் வளர்ந்திருக்கிறது. விக்டோரியா அரங்கு போன்ற இடங்கள் கிடைத்த காலமும் உண்டு, ஆனால் அன்றாட நாடகம் நடந்தது ‘உலகம்’ என்று பெயர் வைத்த கேளிக்கைப் பூங்காக்களின் கொட்டகைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூட அரங்குகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும். என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் படைகள் 1971இல் கிளம்பும்வரை அங்கேயே குடியிருந்தவர். எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு மேடை கட்டியதையும், ராஜா வேடம் போட்டவர் ஓங்கிக் காலை வைத்ததில் பலகை ஒன்று எகிறியதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அடுத்த ஆண்டிலிருந்து ராஜாவின் நடையையே மாற்றிவிட்டார்களாம், மெதுவாகக் கால் வைக்கும் ராஜா. பார்த்தவர்கள் அதுதான் கம்பீரம் என்றார்களாம்.

எனக்குப் பழைய கட்டடங்களின் மேல் பிடிப்பு வந்தது ஆர்மீனியன் ஸ்திரீட் 45ஆம் எண் கட்டடத்தில். தேசிய சேவையில் இருந்தபோது, ஒரு நண்பன் ஆளில்லை என்று சாமான் தூக்கக் கூப்பிட்டான், போனேன். 1926இல் கட்டிய துணைமின் நிலையம் அது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து காலியாகக் கிடந்ததைப் பார்த்து, இதைக் கலைக்கு விடுங்கள் என்று கேட்டவர் நாடகாசிரியர் குவோ பாவ் குன். 1990 செப்டம்பரில் அது சிங்கப்பூரின் முதல் சுயேச்சையான சமகாலக் கலை மையமாகத் திறந்தது. பெயரைக்கூட மாற்றவில்லை, சப்ஸ்டேஷன் என்றே வைத்தார்கள். உள்ளே இருந்த சிறிய அரங்கில் நூற்றுச் சொச்சம் பேர்தான் உட்காரலாம். நடிகரின் கழுத்தில் வியர்வை இறங்குவது கடைசி வரிசைக்கும் தெரியும். மின்சாரக் கருவிகளுக்காகக் கட்டிய அறைக்கு நல்ல உயரம் இருக்கும், சன்னல் தேவைப்படாது, சுவர் தடிமனாக இருக்கும். ஒரு கறுப்பு அறை அரங்குக்கு வேண்டிய மூன்றும் அவைதான். மின்சார வேலை படித்திருந்த எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. முன்பு பார்த்த வேலைதான் இந்த அறைக்கு இந்த உருவத்தைக் கொடுத்தது என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் எந்த அறைக்குள் போனாலும் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.

குவோ பாவ் குன் பற்றித் தமிழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1988இல் அவர் உருவாக்கிய ஒரு நாடகத்தில், ஹொக்கியன் மட்டும் பேசும் ஒரு வயதான தாய் தொலைந்த பூனையைத் தேடிப் போவார். வழியில் தமிழ் மட்டும் பேசும் ஒரு முதியவரைப் பார்ப்பார், அவரும் பூனையைத் தேடுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் சைகையிலும் குரலிலும் இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். நம் மொழியை அலங்காரத்துக்கு வைக்காமல் நாடகத்தின் நெஞ்சிலேயே வைத்தவர் அவர். அதே 1988இல்தான் ரவீந்திரன் நாடகக் குழு தொடங்கியது, 1991இல் அக்கினிக் கூத்து என்ற குழு. சின்ன அரங்குகள் கிடைக்கத் தொடங்கிய காலமும் சின்னத் தமிழ்க் குழுக்கள் துணிந்து நிற்கத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. பெரிய அரங்கை வாடகைக்கு எடுத்து ஆயிரம் பேரைத் திரட்ட முடியாத குழுவுக்கு நூறு இருக்கை என்பது பெரிய விடுதலை.

பழைய கட்டடங்களைக் கலைக்குழுக்களுக்கு விடும் திட்டம் 1985இல் வந்தது. முதலில் கிடைத்தது சிசில் ஸ்திரீட்டில் ஒரு முன்னாள் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமாகவே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் ஸ்டாம்ஃபர்ட் கலை மையம் போருக்கு முன்பு ஜப்பானியத் தொடக்கப்பள்ளி, பிறகு ஸ்டாம்ஃபர்ட் பெண்கள் பள்ளி. 2011இல் திறந்த குட்மன் கலை மையம், துன் ஸ்ரீ லானாங் உயர்நிலைப்பள்ளி இருந்த இடம், மலாய் மொழியில் படித்த ஒரு தலைமுறையின் பள்ளி அது. அலிவால் கலை மையம் இரண்டு சீனப் பள்ளிகள் இருந்த கட்டடம். மக்கள் புதிய வட்டாரங்களுக்குக் குடிபோனதும் பழைய வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து, கட்டடம் மட்டும் நின்றுவிடுகிறது.

பள்ளிக்கூடம் துணைமின் நிலையம் மாதிரி இல்லை, அதன் குணம் நேரெதிர். வகுப்பறைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் சன்னல் வைத்துக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் நீளமான நடைபாதை, அதில் யார் நடந்தாலும் உள்ளே கேட்கும். கூரை தாழ்வு. சுவரை இடித்து இரண்டு வகுப்பறைகளைச் சேர்த்தால் அதுவரை சுவருக்குள் ஒளிந்திருந்த தூண் வெளியே வந்துவிடும், ஏனென்றால் சுவரை எடுக்கலாம், மேல்தளத்தைத் தாங்கும் தூணை எடுக்க முடியாது. எங்கள் அறையில் அந்தத் தூண் நட்டநடுவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது ஒரு கறுப்புத் திரை அதை மூடிக்கொண்டு தொங்கியது. அறையை இரண்டாகத் தடுக்கும் திரை என்று நினைத்தோம். யாரும் அதை விலக்கிப் பார்க்கவில்லை.

தூணைப் பார்த்ததும் எங்கள் இயக்குநர் அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கம் மேடை வைத்தாலும் கால்வாசிப் பேருக்கு மறைத்தது. தூணை மேடைக்குப் பின்னால் தள்ளினால் மேடை சுருங்கி, ஒரு கட்டில் போட்டதும் நடக்க இடமில்லை. பக்கத்தில் தள்ளினால் மேல்வரித் திரை தெரியவில்லை. இரண்டு ஒத்திகை இதிலேயே போயிற்று. மூன்றாவது ஒத்திகையில், அம்மா வேடத்தில் நடித்தவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை, பள்ளி முடிந்து நேரே வந்திருந்தார், களைப்பில் தன் வசனம் வரும்வரை தூணில் சாய்ந்து நின்றார். ஒரு காலை மடித்து, பாதத்தைத் தூணில் ஊன்றி, கை தானாகவே பின்னால் போய் சிமெண்டைத் தடவிக்கொண்டிருந்தது. ‘அக்கா, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க’ என்று இயக்குநர் எழுந்து நின்றார்.

நாடகத்தின் கதை, மறுமேம்பாட்டுக்காகக் காலி செய்யச் சொன்ன பழைய அடுக்குமாடி வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அதுவரை பிரதியில் வீடு என்றால் ஒரு சோபாவும் சாமி படமும்தான். தூண் வந்ததும் அது அந்தப் புளோக்கின் கீழ்த்தளத் தூணாயிற்று. மகள் பள்ளிக்குப் போகும்போது அம்மா நின்று கையசைத்த தூண், அப்பாவின் உடலைக் கிடத்திய இரவில் உறவினர்கள் சாய்ந்து உட்கார்ந்த தூண். நான்கு காட்சிகளைத் திருத்தி எழுதினார்கள். பார்வையாளர்களை ஒரே பக்கம் உட்காரவைக்காமல் தூணைச் சுற்றி மூன்று பக்கமும் உட்காரவைத்தோம். யாருக்கும் எல்லாமும் தெரியவில்லை, அதில் யாருக்கும் குறையுமில்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்த மனிதரின் முகத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். எங்கள் குழு போட்டதிலேயே நல்ல நாடகம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தூணில்லாத அறை கிடைத்திருந்தால் அது சோபா நாடகமாகவே நின்றிருக்கும்.

சரி, இனி என் துறைக்கு வருகிறேன்.

நாங்கள் அப்போது வைத்திருந்தவை பழைய 1000 வாட் விளக்குகள். இங்கே மின்னழுத்தம் 230 வோல்ட், சாதாரணச் சுவர்ச் செருகி 13 ஆம்பியர் தாங்கும். இரண்டையும் பெருக்கினால் 2990 வாட். அதனால் ஒரு செருகியில் இரண்டு விளக்குக்கு மேல் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும், அப்படியே ஒரு செருகிக்கு இரண்டு என்று நான்கு விளக்கை இரண்டு செருகிகளில் பிரித்துப் போட்டேன். நான் பார்க்காமல் விட்டது வேறு. அந்தச் சுவரில் இருந்த செருகிகள் எல்லாமே, 20 ஆம்பியரைத் தாண்டினால் தானாக அணைந்துவிடும் ஒரே மின்சுற்றில் இருந்தன. வகுப்பறைக்கு அது தாராளம், இரண்டு காற்றாடியும் ஒரு படவீச்சுக் கருவியும்தானே. அடுத்த சிற்றறையும் அதே சுற்றில்தான் இருந்தது, அங்கே தேநீருக்காக ஒரு வெந்நீர்க் கலன், 2500 வாட். இடைவேளைக்குத் தண்ணீர் கொதிக்கட்டும் என்று ஒரு நல்ல உள்ளம் அதைப் போட்டுவிட்டது. மொத்தம் 6500 வாட், 28 ஆம்பியர். பத்து நிமிடம் தாங்கியது. அப்புறம் அம்மா மகளின் கையைப் பிடிக்கும் இடத்தில் அறை முழுக்க இருட்டு.

இருவரும் நிறுத்தவில்லை. அவசர விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் தொடர்ந்து பேசினார்கள். நான் தட்டுத்தடுமாறி நடைபாதையில் இருந்த மின்பெட்டிக்கு ஓடினேன். பெட்டி பூட்டியிருந்தது. சாவி கீழே காவலாளியிடம்.

இப்போது என் பையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எந்த இடத்துக்குப் போனாலும் ஒவ்வொரு செருகியும் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று பொறுப்பாளரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். மின்பெட்டிச் சாவி நாடகம் முடியும்வரை என்னிடமோ, என் கூப்பிடு தூரத்தில் நிற்பவரிடமோ இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வெந்நீர்க் கலனில் ஒரு தாளில் ‘நாடக நேரத்தில் தொடாதீர்கள்’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டிவிடுவேன். எல்இடி விளக்குகள் வந்த பிறகு இந்தக் கவலை வெகுவாகக் குறைந்துவிட்டது, அதே வேலைக்கு ஒரு விளக்குக்கு 100, 200 வாட் போதும். பழைய கட்டடத்துக்கு எல்இடி ஒரு வரம். புதிதாகத் தொடங்கும் குழு விளக்கில் காசு போடுவதானால் அதில் போடுங்கள், ஆடையில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை.

புகைக்கருவி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு நாடகத்தில் கனவுக்காட்சிக்காகப் புகை விட்டோம். கூரையில் இருக்கும் உணர்கருவிக்கு அது கனவுப் புகையா தீப்புகையா என்று தெரியாது. ஒத்திகையின் நடுவே மணி அடித்து, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும், கீழே பரதநாட்டியம் பயின்றுகொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் உட்பட, மழைத்தூறலில் வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு குழந்தை பயந்து அழுதது. அந்த அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. புகை வேண்டுமானால் நிர்வாகத்திடம் எழுத்தில் முன்கூட்டியே சொல்லி, அந்தப் பகுதிக்கு மட்டும் உணர்கருவியை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள், அந்த நேரத்துக்கு ஒரு ஆளைக் காவலுக்கும் நிறுத்துங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். கனவைக் குரலிலும் விளக்கிலும் காட்டலாம். அதேபோல், வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கு மேடைப் பக்கம் இருந்து இருட்டைக் கெடுக்கும், அதைத் துணியால் மூட ஆசை வரும். மூடாதீர்கள், எந்தக் காட்சியும் அதற்குச் சமம் இல்லை. அது ஒளிரும் திசைக்கு எதிராக மேடையைத் திருப்பிப்போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நாடகம் போட அரசிடம் வாங்கும் உரிமம் பற்றி நிறையப் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இது காவல்துறையின் பொதுப் பொழுதுபோக்கு உரிமப் பிரிவிடம் இருந்தது, பிறகு ஊடக மேம்பாட்டு ஆணையம், 2016 முதல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். பிரதியை முன்கூட்டியே அனுப்ப வேண்டும், அவர்கள் படித்து எந்த வயதினர் பார்க்கலாம் என்று தரம் பிரித்துக் கொடுப்பார்கள். எங்களுக்குச் சிக்கல் வந்தது பிரதியில் இல்லை, நேரத்தில்தான். தூணுக்காக நான்கு காட்சியைத் திருத்தியபோது, முன்பு அனுப்பிய பிரதியும் நாங்கள் ஒத்திகை பார்க்கும் பிரதியும் வேறுவேறாகிவிட்டன. திருத்தியதை மறுபடி அனுப்பி, காத்திருந்து, சுவரொட்டி அச்சிடுவதை நிறுத்திவைத்து, அந்த வாரங்களில் தூங்கவில்லை. இடத்தைப் பார்த்து, அளந்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகு பிரதியை அனுப்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மேல்வரிக்கான ஆங்கில மொழிபெயர்ப்பையும் அதற்குள் முடித்துவிட்டால் நல்லது. கடைசி வாரத்தில் மொழிபெயர்த்தால் அம்மாவின் ஒப்பாரி அலுவலகக் கடிதம் மாதிரி வந்து நிற்கும், எங்களுக்கு ஒருமுறை வந்தது.

சத்தம் பற்றி இன்னொன்று. வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் நாடகம் போட்டிருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. மணியும் நாதஸ்வரமும் ஊதுவத்தி வாசமும் வரத்தான் செய்யும். முதலில் அதைத் தடுக்கப் பார்த்தோம். சன்னல் இடுக்கில் துணியை அடைத்தோம், கதவுக்குத் தடித்த திரை போட்டோம். பிறகு ஒரு மூத்த நடிகர், எழுபதைத் தாண்டியவர், எங்களுக்கு மாமா, சொன்னார்: ‘மணி அடிச்சா நிறுத்து. கேளு. முடிஞ்சதும் பேசு. வீட்ல அப்படித்தானே?’ அவர் மேடையில் அப்படியே செய்தும் காட்டினார். வெளியே மணி அடித்தபோது கையில் இருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு, கண்ணை மூடி, மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அது பிரதியில் எழுதியிருக்கிறது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். மழைக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. தகரக் கூரையில் மழை அடித்தால் யார் கத்தினாலும் கேட்காது. நவம்பர், டிசம்பரில் தகரக் கூரை உள்ள இடத்தை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் மின்தூக்கி இல்லை. இது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழ் நாடகத்துக்குத் தவறாமல் வருகிறவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். முதல் நாள் ஒரு பாட்டி பேரனோடு சக்கர நாற்காலியில் வந்துவிட்டார், இரண்டு மாடி. தேசிய சேவைப் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டி சிரித்துக்கொண்டே போனார், ஆனால் எனக்கு நெஞ்சு படபடத்தது. படியில் ஒருவன் தடுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன்பிறகு நுழைவுச்சீட்டு விற்கும்போதே படிக்கட்டு விவரத்தைச் சொல்லிவிடுகிறோம், தரைத்தள அறை கிடைத்தால் கொஞ்சம் சின்னதானாலும் அதையே எடுக்கிறோம். கழிப்பறை எந்தத் தளத்தில், எத்தனை, என்பதையும் பாருங்கள். நூறு பேருக்கு இரண்டு கழிப்பறை என்றால் இடைவேளை இருபது நிமிடம் அல்ல, நாற்பது. நாங்கள் இடைவேளையையே எடுத்துவிட்டு நாடகத்தை 80 நிமிடமாகச் சுருக்கினோம். அதனால் நாடகமும் இறுகிற்று, கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் நிம்மதியாகக் கிளம்பினார்கள்.

இந்தக் கட்டடங்கள் எதுவும் நம்முடையவை அல்ல. எங்கள் பழைய பள்ளிக்கூட அறையில் ஏழு ஆண்டுகள் இருந்தோம், பிறகு குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாதம். ஆர்மீனியன் ஸ்திரீட் 45லிருந்தும் 2021 ஜூலையில் சப்ஸ்டேஷன் குழு வெளியேறியது, முப்பது ஆண்டுக்கு மேல் ஆன வீடு. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் வேலை முடிந்து அந்தத் தெருவில் இறங்கி, எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். முதன்முதலில் சாமான் தூக்கிக்கொண்டு நுழைந்த வாசல் அது.

எங்கள் அறையைக் காலி செய்தபோது நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு, இதில் சொன்ன எல்லாவற்றையும் விட இதுதான் என்னை உறுத்துகிறது. அலமாரியில் பழைய பிரதிகள், கையால் திருத்தியவை, நிகழ்ச்சிக் கையேடுகள், சிறிய ஒளிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய. இடமில்லை, நேரமில்லை. விளக்குகளையும் திரைகளையும் காசு என்று வண்டியில் ஏற்றினோம், தாள்களைப் பிறகு பார்க்கலாம் என்று நடைபாதையில் வைத்தோம். மறுநாள் வந்தபோது துப்புரவு செய்கிறவர்கள் அவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த அறையில் போட்ட முதல் நாடகத்தின் பிரதி, மாமா தன் கைப்பட ஓரத்தில் ‘இங்கே மூச்சு விடு’ என்று எழுதிவைத்த பிரதி, போயிற்று. மாமா அதற்கடுத்த ஆண்டு காலமானார். விளக்கை இன்னொன்று வாங்கியிருக்கலாம்.

2015இல் சிங்கப்பூரின் பொன்விழாவை ஒட்டித் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் தொண்டூழியர்கள், அதற்குப் பிறகு தமிழ் நாடகத்தையும் எடுத்துக்கொண்டு பிரதிகளையும் படங்களையும் சேகரித்தார்கள். அந்த மாதிரி யாராவது கேட்டு வரும்போது கொடுக்க நம்மிடம் இருக்க வேண்டும். இப்போது நாங்கள் ஒவ்வொரு நாடகம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் காலைப் பசியாறலுக்கு ஒன்றுகூடுகிறோம், அப்போதே வேலையை முடித்துவிடுகிறோம். மேடை நிர்வாகியின் பிரதியை எல்லாக் கிறுக்கல்களோடும் படமெடுத்து, விளக்குக் குறிப்பு, இருக்கை வரைபடம், சுவரொட்டி, யார் யார் என்னென்ன செய்தார்கள் என்ற பட்டியல் எல்லாவற்றையும் மூன்று பேர் வீட்டில் மூன்று படியாக வைக்கிறோம். தேநீர் போட்டவர் பெயரும் பட்டியலில் இருக்கும். படங்களின் பின்னால் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுகிறோம், ஏனென்றால் தாத்தா விட்டுப்போன நாடகப் படம் ஒன்று என் வீட்டில் இருக்கிறது, பீப்பாய் மேடைதான் என்று நினைக்கிறேன், அதில் நிற்கும் ஒன்பது பேரில் தாத்தாவைத் தவிர ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாடகத்துக்கு ஓர் இடம் வந்திருக்கிறது, பழைய கிடங்கு. எனக்கு இரவு வேலை என்பதால் எங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவியை அளவுநாடாவும் என் குறிப்பேடும் கொடுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணி. அங்கிருந்தே கைப்பேசியில் கூப்பிட்டாள்.

‘அங்கிள், கதவு 84 சென்டிமீட்டர். கூரை நாலு மீட்டர் இருபது. மின்பெட்டி உள்ளேயே இருக்கு, சாவி தருவாங்களாம். வெளியே பஸ் சத்தம் மட்டும்தான். தூண் ஒண்ணும் இல்ல.’

‘திரைகள் எல்லாத்தையும் விலக்கிப் பார்த்தியா?’

கொஞ்ச நேரம் சத்தமில்லை. வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது.

‘இருக்கு அங்கிள். இடது பக்கம், இரண்டு.’

‘சுற்றளவு எவ்வளவுன்னு எழுதிக்கோ’ என்றேன்.